வீடு உள்ள லீ ஹுவா

பள்ளிக்கூடத்துக்கு எழுபது வயசு ஆகுதாம், மலர் போடுறாங்க. "ஓயாங் டீச்சரைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க, பெங் டீச்சர். அவங்க பக்கத்து மேஜையில பதினோரு வருஷமா உக்காந்திருக்கறது நீங்கதானே"ன்னு துணை முதல்வர் நியே சொல்லிட்டுப் போயிட்டார். ஊர்ல வேற ஆளே கிடைக்கல பாருங்க, அவளைப் பத்தி எழுத என்னைப் பிடிச்சிருக்கார். சரி, எழுதறேன். உள்ளதை உள்ளபடி எழுதறேன். மலர்ல போடறதும் கிழிச்சுப் போடறதும் அவர் பாடு.

அவ பேரு ஓயாங் மெய்ஷியு. எங்க பள்ளிக்கூடத்துல பன்னெண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கறா. நானும் அதேதான் எடுக்கறேன். வித்தியாசம் என்னன்னா, பன்னெண்டாம் வகுப்பை மார்க்கைப் பாத்து ஏழு வகுப்பாப் பிரிச்சிருக்காங்க, பொறுக்கி எடுத்த பசங்க இருக்கற முதல் வகுப்பு அவளுக்கு, ஏழாம் வகுப்பு எனக்கு. ஏழுன்னா ஏதோ வரிசை நம்பர்னு நெனைக்காதீங்க. வடிகட்டினது போக மிச்சம் நிக்கற சக்கைக்குத்தான் ஏழுன்னு பேரு.

அவங்கப்பா மலைமேல ஒரு ஊர்ல ரேடியோ ரிப்பேர் பண்றவர். ரிப்பேருக்கு வந்த ரேடியோவுல காலையில ஆறு மணி இங்கிலீஷ் பாடத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் படிச்சிருக்கா. ரேடியோக்காரன் வந்து வாங்கிட்டுப் போயிட்டா பாடம் பாதியில நின்னுடும். அடுத்த ரேடியோ கெட்டுப்போய் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். "என் இங்கிலீஷ்ல அங்கங்க ஓட்டை இருக்கும் பெங் டீச்சர், அந்தந்த வாரம் ஊர்ல எல்லா ரேடியோவும் நல்லா ஓடியிருக்கும்"னு அவளே சொல்லிச் சிரிப்பா. ரெண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி முடிச்சுட்டு, ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில பத்து வருஷம். அங்க இங்கிலீஷும் அவதான், விளையாட்டு வாத்தியாரும் அவதான். அந்தப் பள்ளியை மூடினதும் இங்க வந்தா. புருஷன் தோங்குவான்ல செருப்புத் தொழிற்சாலையில இருக்கார், புது வருஷத்துக்குத்தான் வருவார். பிள்ளைங்க இல்ல.

நான் மாகாணத் தலைநகர்ல நாலு வருஷம் படிச்சவ. இதை ஏன் சொல்றேன்னா, எங்க பக்கத்து ஜனங்க நாக்குக்கு 'ந'வும் 'ல'வும் ஒண்ணுதான். எங்க மாகாணம் ஹூனானையே 'ஃபூலான்'ம்பாங்க. துணை முதல்வர் நியேவைப் பாதிப் பேர் லியேன்னுதான் கூப்பிடறாங்க, அவரும் திரும்பிப் பாக்கறார். நான் அந்த நாக்கைக் கண்ணாடி முன்னால நின்னு நாலு வருஷம் இழுத்து வளைச்சு நிமிர்த்தினேன். எங்க பள்ளிக்கூடத்துல கேட்டல் பயிற்சிக்குப் போடற ஒலிப்பதிவு பூரா என் குரல்தான். அவளோ வகுப்பு முன்னால நின்னு 'குட் நைட்'டை 'குட் லைட்'டுன்னு சொல்றா. பசங்க எது கேட்டாலும் 'ஐ லோ, ஐ லோ'ன்னு தலையாட்டறா. தெரியும்னு சொல்றாளாம்!

ஆனா என்ன பிரயோஜனம்? பரீட்சை காதைச் சோதிக்குது, கையைச் சோதிக்குது. வாயை எங்க மாகாணத்துல யார் சோதிக்கறாங்க? இருபத்திரண்டு வருஷ வேலையில நான் வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்டதான் பேசியிருக்கேன். சைக்கிள்ல வழி தவறி வந்தவர். கழிப்பறை எங்கன்னு கேட்டார், சொன்னேன், போயிட்டார்.

மூணு வருஷத்துக்கு முன்ன முதல் வகுப்பை அவளுக்குக் குடுத்தப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைச்சு என்ன ஆகப்போகுது, எரிஞ்சுது. நியே சார்கிட்டயே போய்க் கேட்டேன்.

"உச்சரிப்பே வராதவங்களுக்கு முதல் வகுப்பா சார்?"

"மார்க் வருதே, பெங் டீச்சர்."

அதுக்கு மேல என்ன பேச? இந்த வருஷப் பசங்க கிளம்பினதும் முதல் வகுப்பு மறுபடி கைமாறும். மே மாசம் நடக்கற மாதிரித் தேர்வுல யாரோட வகுப்பு நல்லா முன்னேறியிருக்கோ அவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது வேணும். சம்பளம் கூடறதுக்காக இல்ல. என் நாக்கைப் புரிஞ்சுக்கற நாலு பசங்க முன்னால ஒருதடவையாவது நிக்கணும், அவ்வளவுதான்.

அவ எப்படி மார்க் வாங்கறான்னு பதினோரு வருஷமா ஓரக்கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன். கேட்டல் தேர்வு நேரத்துக்குச் சரியா ஒரு பழைய சாமான்காரன் மூணு சக்கர வண்டியில வருவான். "பழைய ஃபிரிட்ஜ், பழைய டிவி, பழைய வாஷிங் மெஷின்"னு ஒலிபெருக்கி அலறும். நான் ஜன்னலைச் சாத்துவேன். அவ கேட்டுக்கு வெளிய போய் அந்தாளுக்கு ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் வாங்கிக் குடுத்து, வாயும் ஒலிபெருக்கியும் அடங்கியிருக்கிற மாதிரி பக்கத்துலயே உக்காந்துக்குவா. என் வகுப்புக்கும் சேர்த்துத்தான் அமைதி. ஆனா புண்ணியம் பூரா அவளுக்கு.

அப்புறம் லீ ஹுவா விஷயம். எங்க நாட்டுல பரீட்சைத் தாள்ல யாரும் சொந்தப் பேரை எழுதக் கூடாது. கடிதம் எழுதச் சொன்னா, 'நீதான் லீ ஹுவா'ன்னு கேள்வியிலயே இருக்கும். ஆணா பெண்ணா தெரியாது, அப்பன் ஆத்தா தெரியாது. லட்சக்கணக்கான பசங்களும் அன்னிக்கு லீ ஹுவா. அடையாளம் காட்டற மாதிரி ஒரு வார்த்தை எழுதினாலும் தாள் செல்லாது. நான் என் பசங்களுக்கு முப்பத்தாறு வாக்கியம் குடுத்திருக்கேன். 'சமூகம் வேகமாக முன்னேறிவரும் இந்நாளில்'னு ஆரம்பிக்கும். மனப்பாடம் பண்ணி இறக்கினா பதினைஞ்சுக்குப் பத்து நிச்சயம்.

அவ வகுப்புல வேற பாட்டு. ஒருநாள் வராந்தாவுல போறப்போ காதுல விழுந்துது. "லீ ஹுவாவுக்கு வீடு கிடையாதாடா? ராத்திரி என்ன சாப்பிடுவான்? அவங்கம்மா எதுக்குத் திட்டுவா? அவனுக்கு முதல்ல ஒரு வீடு குடு, அப்புறம் கடிதம் எழுது." அன்னிலேர்ந்து அவ பசங்க எழுதற லீ ஹுவாவுக்கெல்லாம் வீடு இருக்கும். ஒரு லீ ஹுவா வீட்டுக் கூரையில மிளகாய் காயும், இன்னொருத்தன் வீட்டு நாய் தபால்காரரைக் கடிக்கும். ஹாஸ்டல் பசங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ குவார்ட்டர்ஸ்ல கூடுவாங்க. பூசணிக்காயும் புகைபோட்ட கறியும் சோறுமா ஒரே மேஜையில தின்பாங்க. அதையும் எழுதுவாங்க. ஐயாயிரம் தாள்ல கலந்து போட்டாலும், வீடு இருந்தா அது ஓயாங்கோட பிள்ளைன்னு நான் கண்டுபிடிச்சுடுவேன்.

மே மாசத் தேர்வு வந்துது. திருத்தறது கம்ப்யூட்டர்ல. ஒவ்வொரு தாளையும் தனித்தனியா ரெண்டு பேர் திருத்தணும். மார்க் மூணுக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது ஆளுக்குப் போகும். யாரோட தாள் யாருக்கு வருதுன்னு தெரியாது. கேள்வி இதுதான்: 'நீ லீ ஹுவா. படகுத் திருவிழாவுக்கு உன் ஆங்கில நண்பர் கிறிஸ்ஸை வீட்டுக்கு அழைத்துக் கடிதம் எழுது.'

சனிக்கிழமை சாயங்காலம், கண்ணு பூத்துப் போயிருந்த நேரத்துல, ஒரு தாள் வந்துது. மூணாவது வரியிலயே மேஜை. வீடு! பார்ரா, வந்துட்டான் ஓயாங்கோட பிள்ளைன்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

'அன்புள்ள கிறிஸ், படகுப் போட்டி எல்லா ஊரிலும்தான் நடக்கும். அதற்காக நீ வர வேண்டாம். நான் சாப்பிடும் மேஜையில் ஒரு ஆசிரியை உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரிலேயே அழகான ஆங்கிலம் அவருடையதுதான். அதைக் கேட்க இதுவரை யாரும் வரவில்லை. நீ வந்து ஒரு மணி நேரம் அவரோடு பேசு. இலையில் அரிசி வைத்துக் கட்டும் திருவிழாப் பலகார வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அழகான இங்கிலீஷா? 'குட் லைட்' அழகா? காக்கா பிடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா! ஒரு தட்டு பூசணிக்காய்க்கு இவ்வளவு புளுகா? இலக்கணத்துல பிழை தேடினேன். ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது, ஒரு காற்புள்ளி. திருவிழாவைப் பத்தி விவரம் போதலைன்னு எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டு, ஏழு போட்டேன். பட்டனை அமுக்கினப்போ மனசுக்கு இதமாத்தான் இருந்துது. அதையும் எழுதறேன், நியே சார் படிக்கட்டும்.

திங்கக்கிழமை காலையில ஓயாங் சுடுதண்ணி ஃபிளாஸ்கோட என் மேஜைக்கு வந்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"பெங் டீச்சர், உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். மூணாவது திருத்தலுக்கு எனக்கு ஒரு லீ ஹுவா வந்துச்சு. பூரா உங்களைப் பத்தி!"

"என்னைப் பத்தியா?"

"ஊர்லயே அழகான இங்கிலீஷ் பேசற டீச்சராம். வேற யாரு, நானா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கல. "ஒருத்தர் பதிமூணு போட்டிருக்கார். இன்னொரு கண்ணு தெரியாத மகராசன் ஏழு போட்டு வச்சிருக்கான். நான் பதினாலு போட்டேன். உங்க வகுப்புப் பிள்ளையா இருந்தா எனக்குத்தான் ஆபத்து, இருந்தாலும் பரவால்ல போங்க."

என் கையில இருந்த டீ ஆறிப்போச்சு. அந்தத் தாள்ல இருந்தது அவ மேஜை இல்ல. அப்ப எந்த மேஜை? ஊர்ல எந்தப் பிள்ளை என்னோட ஒரே மேஜையில சாப்பிடுது?

ஒண்ணே ஒண்ணுதான். என் மக தோங்தோங். கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னு என் ஏழாம் வகுப்புலயே போட்டு வச்சிருக்கேன். 'அம்மா'ன்னு எழுதினா அடையாளம் தெரிஞ்சுடும், தாள் செல்லாதுன்னு அவளுக்கு நான்தான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். அதான் 'ஆசிரியை'ன்னு எழுதியிருக்கா.

சாயங்காலம் வீட்டுல மிளகாயும் முட்டையும் வதக்கி வச்சேன். அடுப்புக்கு மேல புகை இழுக்கற ஃபேன் ஓடிட்டிருந்துது. தோங்தோங் எதிர்ல உக்காந்து கிண்ணத்தைக் கையில எடுத்தா.

"ஞாயித்துக்கிழமை நூலகம் போறேன் நூலகம் போறேன்னு எங்கடி போறே?"

அவ சாப்ஸ்டிக்கை வாயில கடிச்சுக்கிட்டா. "ஓயாங் டீச்சர் வீட்டுக்கு. திட்டாதேம்மா. லீ ஹுவாவுக்கு வீடு குடுங்கன்னு சொன்னாங்க. எனக்கு நம்ம வீடுதான் தெரியும், அதை எழுதினேன். யாரோ ஏழு போட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஓயாங் டீச்சர்தான். மத்தியானம் கூப்பிட்டு, இது உன் கடிதம்தானேன்னு கேட்டாங்க. ஏழு போட்டது யாருன்னு அவங்களுக்கும் தெரியல. நான் பொய் எழுதியிருக்கேன்னு நெனச்சிருப்பாங்க போல."

சொல்லாம விட்டிருந்தா அன்னிக்கு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா சொல்லிட்டேன்.

"நான்தான் போட்டேன்."

அவ கிண்ணத்தைக் கீழ வச்சா. அப்புறம் மெதுவாக் கேட்டா. "அது யாருன்னு நெனச்சே?"

"ஓயாங் டீச்சர்னு."

தோங்தோங் பக்குனு சிரிச்சுட்டா. "ஓயாங் டீச்சரா? ஐயோ அம்மா, அவங்க 'நோ'வை 'லோ'ங்கறவங்களாச்சே! நீயே எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கே!" சிரிச்சுக்கிட்டே இருந்தவ, என் முகத்தைப் பாத்ததும் நிறுத்திட்டா. "அழகான இங்கிலீஷ்னு எழுதியிருந்தேனே. ஒரு நிமிஷம்கூட அது நீதான்னு தோணலையாம்மா?"

நான் கிண்ணத்துல இருந்த மிளகாயை சாப்ஸ்டிக்கால ஒதுக்கிக்கிட்டிருந்தேன்.

"தினமும் இந்த ஃபேனைப் போட்டுட்டு நீ சட்டிகிட்ட இங்கிலீஷ்ல பேசறே. எனக்குக் கேக்காதுன்னு நெனைக்கறே. எல்லாம் கேக்கும்."

முதல் வகுப்பு மறுபடி ஓயாங்குக்கே போச்சுன்னு அடுத்த வாரம் தெரிஞ்சுது. அரை மார்க் வித்தியாசம். திருத்தினதுல யார் எவ்வளவு தப்பாப் போட்டாங்கன்னு பேரோட பட்டியலும் ஒட்டினாங்க, அந்த ஏழு என் பேருக்கு நேரா இருந்துது. அதைப் படிச்சுட்டு ஓயாங் என் மேஜைக்கு ஃபிளாஸ்கைக் கொண்டு வந்து டீயில சுடுதண்ணி ஊத்தினா. "ஐ லோ"ன்னா. திருத்தணும்னு எனக்குத் தோணல. இதெல்லாம் மலருக்கு உதவாதுன்னு தெரியும், நியே சார். ஓயாங்கைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். என்னை அந்தத் தாள்ல அவ உடனே கண்டுபிடிச்சா.

ஆனா அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம் நடந்ததை முடிக்கல. தோங்தோங் எழுந்து போனா, ஃபேனை நிறுத்தினா, திரும்பி வந்து எதிர்ல உக்காந்தா.

"இப்பப் பேசும்மா. கேக்கறேன்."

வாயைத் தொறந்தேன். இருபத்திரண்டு வருஷமாச் சேத்து வச்ச இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வரல.