நடு வார்த்தை

இன்று ஏலப்பாறை பஸ்ஸில் ஈர ஸ்வெட்டர்களுக்கிடையே சிக்கியபோது, அந்தக் கம்பளி வாடை என்னை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துப் போனது; இப்போது அங்கே சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட, டீச்சர் எங்களையே வார்த்தைகளாக்கி வரிசையில் நிறுத்துவார். 'நான் கஞ்சி குடித்தேன்' என்று தமிழில் நின்றால், 'குடித்தேன்' ஆன நான் கடைசியில், கதவோரம். இங்கிலீஷுக்கு மாறியதும் என்னை நடுவில் செருகிவிடுவார். முன்னால் 'நான்' ஆகச் செல்வி, பின்னால் கஞ்சியாக அந்தோணி.

ஒரு நாள் அப்படி நடுவில் நின்றபடியே கெஞ்சினேன்: "டீச்சரே, ஒண்ணுக்கு முட்டுது."

"வாக்கியம் முடியட்டும்டா, அடங்கி நில்லு."

வகுப்பு மொத்தமும் ஒவ்வொருவராக அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். பாதியிலேயே அந்தோணி நகர்ந்து நின்றான்.

"டீச்சரே, நடு வார்த்தை ஒழுகுது."

அன்று வெளியே ஓடியவன்தான் நான், பள்ளிக்கூடம் பக்கமே திரும்பவில்லை. நான் இல்லாமல் இங்கிலீஷுக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.