தண்ணீரில் கிடந்த நாகக்கல்

என் அக்காவின் வீட்டுப் பின்கட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதற்குள், தண்ணீருக்கு அடியில், புதிதாகச் செதுக்கிய நாகக்கல் ஒன்று கிடந்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அது நீரில் ஊற வேண்டும். பிறகு நஞ்சன்கூட்டு ஆற்றோர அரசமரத்தடியில் அதைப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். அதுவரை அக்காவின் குழந்தையின் மேல் அறுவைக் கத்தி படக்கூடாது. இது அத்தையின் தீர்ப்பு. அந்தக் கல்லை நான் வெறுத்தேன். அதற்கு மஞ்சள் தூவிய கைகளையும் வெறுத்தேன்.

அத்தை என் தந்தையின் தங்கை. ஹனூரில் காடு கரை பார்த்தவள். மகன் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது உடன் வந்தாள். அந்த மகனைத்தான், எங்கள் வழக்கப்படி, அக்கா மணந்தாள். அவர்களுடைய மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. அது நாக தோஷம் என்றாள் அத்தை. காதுக்குள் கேட்புக் கருவி பொருத்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த மருத்துவர், இனியும் தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கடினம் என்று அழுத்திச் சொன்னார். அவர் குறித்த நாள் மண்டலத்தின் நடுவில் விழுந்தது.

மருத்துவர் ஒரு பரிசோதனை முடிவையும் கொடுத்தார். தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை. இருவருக்கும் அதனால் கேடில்லை. இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தபோது செவி போயிற்று. உடன் சென்றிருந்த என்னிடம் அக்கா அந்தத் தாளை மடித்துக் கொடுத்தாள். குறித்த நாளுக்கு மட்டும் அத்தையிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடு, காரணத்தைப் பேசாதே என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நான் பேச்சுப்போட்டி மேடையில் வளர்ந்தவன். தமிழிலும் கன்னடத்திலும் கோப்பைகள் வாங்கியவன். கையிலிருக்கும் வலுவான சான்றைப் பயன்படுத்தாமல் இறங்குபவனைக் கோழை என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஞாயிறன்று உறவினர் பதினைந்து பேர் கூடத்தில் கூடினர். கேட்போர் கூடினால் எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றித்தான் தொடங்கினேன். அத்தை அசையவில்லை. என் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "காலேஜ்ல கை தட்டுவாங்க சாமி. இங்க காபி தாங் குடுப்பாங்க. குடிச்சுப்போட்டுக் கெளம்பு" என்றாள். கூடம் சிரித்தது. அக்காவும் கீழே பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். நோய்களுக்கெல்லாம் தெய்வக் குற்றம் சொன்ன காலத்தைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி முடித்துவைத்ததில் தொடங்கி, பரம்பரையின் இரகசியம் ஆய்வகத்தில் திறந்துகொண்டதுவரை படிப்படியாகக் கட்டினேன். கடைசிப் படியில் அத்தையை நிறுத்தினேன்.

"இந்தக் குழந்தையின் செவியை எந்தப் பாம்பும் பறிக்கவில்லை அத்தை. உங்கள் வழியாக உங்கள் மகனுக்கு வந்தது. என் அப்பா வழியாக அக்காவுக்கு வந்தது. இரண்டையும் ஒரே பந்தலில் சேர்த்து வைத்தது நீங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை நெடுநேரம் தாளைப் பார்த்தாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

"அப்ப என்ற அப்பனாத்தா குடுத்த ரத்தமே கெட்டதுங்கறயா?"

"ஆம்" என்றேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'ஆம்' என்பது ஒரு பேச்சை முடிக்க நல்ல சொல்.

நான் வென்றேன். அன்று மாலையே டிரம்மைக் கவிழ்த்துவிட்டார்கள். குறித்த நாளில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அத்தை முழுமனத்தோடு அறிவியலை நம்பத் தொடங்கினாள்; அதற்கு 'ரத்த தோஷம்' என்று பெயரும் வைத்தாள். நாகம் இறங்கிய பீடத்தில் மரபணு ஏறி உட்கார்ந்துகொண்டது. நாகத்துக்காவது பரிகாரம் உண்டு. இதற்கு இல்லை என்பதால் அத்தை தடை விதித்தாள்: இனி அந்த வீட்டில் இரண்டாவது குழந்தை பேச்சே கூடாது. உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்பில் வளையலோடு நின்ற அக்காவின் கையை, அந்தக் கூடத்தில் என் உரையைக் கேட்டிருந்த ஒருத்தி மெல்லத் தள்ளி நிறுத்தினாள். பாம்பின் காலத்தில் அவளை யாரும் அப்படித் தள்ளியதில்லை.

இந்தக் கூட்டத்தின் மீது எனக்கு இரக்கம் இல்லை. எதைக் கொடுத்தாலும் அதைக் கொண்டு ஒரு பெண்ணை ஒதுக்கி வைக்கக் கற்றவர்கள் இவர்கள். நான் சொன்னதில் அந்த ஒரு 'ஆம்' தவிர எதையும் திரும்பப் பெறமாட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு கருவியை இயக்கிக் குழந்தையை முதன்முதலாகக் கேட்கவைக்கும் நாள் வந்தது. அக்காவுக்கு ஃபோன் செய்து, எத்தனை மணிக்கு மருத்துவமனைக்கு வரட்டும் என்று கேட்டேன்.

"நீ வர வேண்டாம்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எம்பொண்ணு கேக்கற மொதக் குரல் உன்றதா இருக்க வேண்டாம்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். அவள் வைத்துவிட்டிருந்தாள்.