எஸ்தர் அக்கா போட்ட பிழைதிருத்தம்

சென்ற திங்கட்கிழமை காலை எஸ்தர் அக்காவின் மகள் தரங்கம்பாடியிலிருந்து போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தி," என்றாள். அழுது ஓய்ந்தபின், "பேப்பருக்கு அறிவிப்பு எழுதியிருக்கேன். 'இறந்தார்'னு போட்டிருக்கேன். சொந்தக்காரங்க 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'னு போடச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய தஞ்சாவூர் அச்சகமும் தெரியும். ஆய்வு நூல் தவிர வேறெதையும் பதிப்பிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர். "விக்காதுன்னு தெரிஞ்சுதானே போடறேன், அப்புறம் என்ன பயம்?" என்பார். உண்மையில் அவருக்குச் சோறு போட்டது அரசின் நூலக ஆணைதான். நூலகங்களுக்கு அரசு வாங்கினால்தான் அடுத்த புத்தகத்துக்குக் காகிதம்.

டெல்டாவின் கூலிப் போராட்டங்கள் பற்றிய என் ஆய்வேட்டை அவர்தான் நூலாக்கினார். அதில் என் பெரியப்பா வருகிறார். அறுப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு, வயலில் இறங்காமல் வரப்பில் நின்றவர். போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அட்டை போடுவதற்குள் ஓர் அதிகாரி வந்துவிட்டார். தன்மையான மனிதர்தான், குரல்கூட உயரவில்லை. "மேலேருந்து சொல்றாங்கம்மா. 'சுட்டுக் கொல்லப்பட்டார்'ங்கறத 'இறந்தார்'னு மாத்திடுங்க. நூலக ஆர்டர் வரணும்ல?"

"எல்லாப் பக்கமும் அச்சாயிடுச்சுங்க. பிழைதிருத்தம் போட்டுடறேன்," என்றார் அக்கா. அதிகாரி நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனார்.

"எங்க பெரியப்பாவச் சுட்டது அச்சுப்பிழையா அக்கா?" என்று கத்தினேன்.

"அவங்க கேட்டத அப்படியே போடறேன். கொஞ்சம் பொறும்மா," என்றார்.

புத்தகம் வந்தது. கடைசியில் யாரும் பார்க்காத மூலையில் கிடக்க வேண்டிய பிழைதிருத்தம், அட்டையைத் திறந்ததுமே நின்றது. பெரிய எழுத்தில், ஒரே ஒரு திருத்தம். பிழை: சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தம்: இறந்தார். நிஜமான அச்சுப்பிழைகள் உள்ளே எத்தனையோ இருந்தன. அவற்றை அக்கா சீண்டவே இல்லை.

எங்கள் ஊரில் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர் இல்லை. டீக்கடையில் வாசித்துச் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எது பிழைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்ல," என்றார்.

நூலக ஆணை வரவில்லை. ஆட்சிகள் மாறின; அக்காவின் அச்சகத்துக்கு மட்டும் அது கடைசிவரை வரவேயில்லை. ஆய்வு நூல் தவிர எதையும் தொடாதவர் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்தார். நான் வருத்தப்பட்டால், "இதுலயும் புரூஃப் பாக்கணும்டி. மாப்பிள்ளை பேரு தப்பாப் போச்சுன்னா, அவங்க கவர்மெண்ட்டவிடப் பொல்லாதவங்க," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவரைப் பார்க்கப் போவேன்.

மகளுக்குப் பதில் சொன்னேன்: "'இறந்தார்'னே போடும்மா." வயதாகி, தன் கட்டிலில், மகளின் கையைப் பிடித்தபடி போனவருக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது. என் பெரியப்பாவுக்குப் பொருந்தாது. அக்கா எனக்கு விட்டுச் சென்றது ஒரு பழக்கத்தை. 'இறந்தார்' என்று எங்கே படித்தாலும், எப்படி என்று கேட்கிறேன்.