கலாவின் சிரிப்பு

நேற்று பார்த்த பேய்ப்படத்தைப் பற்றி நண்பர்கள் குரூப்பில், "செம படம், கட்டாயம் பாருங்கடா" என்று எழுதும்போதே, அந்தப் பேயின் சிரிப்பு என்னை எங்கள் ஊரான ஆண்டிமடத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

ஆறாவது படிக்கையில், ஒரு பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு வந்து, முந்திரிக்காட்டில் வைத்துச் சித்தி மகள் கலாவுக்குக் கதை சொன்னேன். அந்தப் பேய் மாதிரியே சிரிக்கவும் பழக்கினேன். அவள் வீட்டில் சிரித்துக் காட்ட, மிரண்டுபோன சித்தி பேயோட்டும் பூசாரியை அழைத்துவிட்டார்.

வேப்பங்கொத்தால் விளாசி, "யாரு நீ? சொல்லு!" என்றார் பூசாரி.

"படத்துல வர்ற சிரிப்புங்க! அண்ணனக் கேளுங்க!" என்று கதறினாள் கலா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அடி விழுமோ என்ற பயத்தில், "எனக்குத் தெரியாது சித்தி" என்றேன்.

பூசாரி மறுபடி கையை ஓங்கினார்.

"ஆமாங்க, நான் பேய்தாங்க" என்றாள் கலா.