பதினாறாம் வாய்ப்பாட்டின் மெட்டு

பிரகதாம்பாள் டீச்சர் பாட்டை எடுத்தால், குடுமியான்மலையில் சங்கீதத்தைக் கல்லில் வெட்டி வைத்தவன் எழுந்து வந்து, வெட்டியதை அழித்துவிட்டு முதலிலிருந்து வெட்டுவான். நார்த்தாமலைப் பாறைகள் தாளம் போடும். கீரனூர்ச் சந்தையில் மாடுகள் தங்கள் விலையைத் தாங்களே கூட்டிச் சொல்லும். இதெல்லாம் ஆடு மேய்க்கும் மூக்கன் பிற்பாடு ஊருக்குள் அவிழ்த்துவிட்ட புளுகு. ஊர் அதை நம்பவில்லை. வந்த புதிதில் அந்த அம்மாளையும் நம்பவில்லை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. அப்படியொரு பஸ்ஸில் கீரனூரில் வந்திறங்கி, மாட்டுவண்டி பிடித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் அவள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, புதுக்கோட்டையில் கொழுந்தன் வீட்டு அடுப்படியில் புகை தின்று, அதிலிருந்து தப்பி டீச்சர் வேலைக்குப் படித்தவள். கையில் பிரம்பு இல்லை. அதற்குப் பதில் ஒரு சுருதிப்பெட்டி.

"பெட்டி மூச்சு விடுது" என்றார்கள். "நாடகக் கம்பெனிக்குப் பிள்ளை பிடிக்க வந்திருக்கா" என்றார்கள். பிள்ளைகள் அழாமல் பள்ளிக்கூடம் போனதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம்.

மூக்கனுக்கும் சந்தேகம்தான். பதினாறாம் வாய்ப்பாடு வராமல் நாலாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்; மீசை அரும்பும் வயதில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அத்தனை அடி வாங்கியும் மண்டையில் ஏறாதது பாட்டில் மட்டும் ஏறிவிடுமா? ஏதோ மருந்து வைக்கிறாள் என்று, ஆடுகளைச் சன்னலுக்கு அங்கிட்டு மேயவிட்டு வேவு பார்த்தான். மருந்து எதுவும் அகப்படவில்லை. அவள் பிள்ளைகளிடமே மெட்டுக் கேட்டு வாங்கினாள். நடவுப் பாட்டு மெட்டில் மாதங்களைப் போட்டாள். ஏற்றப் பாட்டு மெட்டில் ஆறுகளைப் போட்டாள்.

ஒருநாள் அவள் கண்ணில் பட்டுவிட்டான்.

"சன்னல்ல நிக்கிற தம்பி, உனக்கு ஏதாச்சும் மெட்டுத் தெரியுமா? பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

"எங்க ஆத்தா பாடுன தாலாட்டு ஒண்ணு இருக்குங்க."

"எங்கே, பாடு."

பாடினான். வார்த்தையில்லாமல் மெட்டை மட்டும் இழுத்து, இறக்கி, கடைசி அடியைத் தொங்கவிட்டான். அது தாலாட்டு இல்லை, ஒப்பாரி. டவுனில் அவள் கேட்ட ஒப்பாரிக்கு வேறு இழுவை, அதனால் தெரியவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவு தேடிக்கொண்டு வரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சன்னலிலிருந்து மூக்கன் விரலைக் காட்டி மிரட்டினான். ஒரு பிள்ளையும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் பதினாறாம் வாய்ப்பாட்டை அந்த மெட்டிலேயே போட்டுவிட்டாள்.

அந்த வாரம் ஊர் அம்பலம் சிவசாமிக்குக் காய்ச்சல். ஊரின் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான் முடிவு. கம்பளியைத் தலையோடு இழுத்து மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் ராசாத்தி கீரை ஆய்ந்துகொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாடிப் படித்தாள். தெருவுக்கு மெட்டு போனது, வார்த்தை போகவில்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பெண்கள் மாரடித்தபடி ஓடிவந்து விழுந்தார்கள். பக்கத்து வீட்டு மூக்காயி கம்பளியைக் கட்டிப்பிடித்து, "எங்க ராசா, ஊரை யாருகிட்ட விட்டுட்டுப் போனே" என்று ஆரம்பித்தாள்.

கம்பளி எழுந்து உட்கார்ந்தது.

"யாருடி செத்தது?"

"நீங்கதான்" என்றாள் மூக்காயி.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியது.

"ஏம்மா, எங்களை உசுரோட பொதைச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தீங்களா?" என்றார் அம்பலம்.

"அதுவும் பதினாறு பதினாறுன்னு" என்றார் ஒருவர். "கருமாதிக்கு நாள்கூடக் குறிச்சாச்சு."

"இந்த மெட்டை யாரு குடுத்தா?" என்றார் அம்பலம்.

அவள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். மூக்கன் ஒரு குட்டியின் காதில் மும்முரமாக உண்ணி தேடிக்கொண்டிருந்தான்.

"இந்த ஊர்லதான் கேட்டேன்" என்றாள்.

"அப்ப நாளையிலேருந்து ஒரு பிள்ளையும் வராது" என்றார் அம்பலம்.

பிள்ளை வராத பள்ளிக்கூடத்தைச் சமஸ்தானம் மூடிவிடும். மூடினால் அவளுக்கு மறுபடி கொழுந்தன் வீட்டு அடுப்படி. அவள் சுருதிப்பெட்டியைத் துணியில் வைத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

மூக்கனுக்கு முதலில் அவள் மேல்தான் சந்தேகம் வந்தது. தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாளே, இதில் என்ன சூழ்ச்சி? இரண்டாவது முடிச்சு விழுந்தபோது சூழ்ச்சி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. வேடிக்கையும் போய்விட்டது.

"ஐயா" என்றான். "கோளாறு மெட்டுலதானே, கணக்குல இல்லையே. கும்மியில போட்டா எவளும் மாரடிச்சுக்கிட்டு வர மாட்டா."

"வந்துட்டாருய்யா வித்துவான். எங்கே, போட்டுக் காட்டு."

கையைத் தட்டி எடுத்தான். பதினாறில் ஏறி நூற்றறுபதுவரை ஓரிடத்திலும் சறுக்கவில்லை. பாதியில் ராசாத்தி சேர்ந்துகொண்டாள். நூற்றுப்பன்னிரண்டில் மூக்காயியின் கை அவளைக் கேட்காமலே தட்டத் தொடங்கியது. அம்பலம் பெண்கள் பக்கம் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"கும்மின்னா சரி. ஆனா நான் படுத்திருக்கறப்ப எதுவும் வேணாம்."

கூட்டம் கலைந்தது. மூக்கனும் ஆடுகளோடு ஆடாக நழுவப் பார்த்தான்.

"மூக்கா, நில்லு." அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு வராமத்தானே படிப்பை விட்டே?"

"ஆமாங்க."

"சன்னலுக்கு வெளியே நின்னு வந்துடுச்சு."

"ஆடு அங்கிட்டுத்தான் மேஞ்சுச்சு. காதை மூடிக்கிட்டா மேய்க்க முடியும்?"

"சரி. அந்தத் தாலாட்டு." குரலைத் தாழ்த்தினாள். "அது உங்க ஆத்தா பாடினது இல்லை. உங்க ஆத்தா போன அன்னைக்கு மத்தவங்க பாடினது."

மூக்கன் குனிந்து குட்டியின் காதில் மறுபடி உண்ணி தேடிப் பார்த்தான்.

"நீ பாடிக் காட்டினப்ப கடைசி அடியில குரல் உடைஞ்சுது. சிரிப்பை அடக்குறேன்னு நினைச்சேன்."

"தொண்டை கட்டியிருந்துச்சுங்க."

"இப்பவும் கட்டியிருக்கு" என்றாள் பிரகதாம்பாள்.