மரத்துப்போன காலும் மாறிப்போன செருப்பும்

இன்று காலை தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. கிடைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிற்பவர்களின் பைகளெல்லாம் என் மடிக்கு வந்தன. ஒன்றில் முழுப் பலாக்காய்! பக்கத்து சீட் அண்ணனின் மடியிலும் அதே குவியல்.

கண்டியில் அவர் முதலில் இறங்கிப் போனார். நான் எழுந்தால், இடது காலைக் காணோம்! கிள்ளினாலும் உணர்ச்சியே இல்லை.

"ஐயோ, என் கால் போச்சு!"

என் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்ட பலாக்காய்க்கார அக்கா சிரித்தார். "ஒண்ணும் ஆகல தங்கச்சி. நரம்பு அழுந்தியிருக்கு, பாதத்த மெதுவா ஆட்டுங்க. சும்மா இருக்கறப்பவும் அடிக்கடி மரத்துப்போனாத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

"எறங்குங்க, எறங்குங்க" என்று கொண்டக்டர் விரட்டினார். சீட்டுக்கடியில் கழற்றி வைத்த செருப்புக்குள் அவசரமாகக் காலை நுழைத்து, நொண்டிக்கொண்டே இறங்கினேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆயிரம் ஊசி குத்த, காலுக்கு உயிர் வந்தது. கூச்சம் தாங்காமல் நடுரோட்டில் சிரித்தபடி குனிந்து பார்த்தேன்.

வலது காலில் என் பூப்போட்ட செருப்பு. இடது காலில் படகு மாதிரி ஓர் ஆம்பளைச் செருப்பு!

எனக்குத்தான் கால் மரத்திருந்தது. அந்த அண்ணன் எப்படிப் பூப்போட்ட செருப்போடு போனார்?

அவர் காலும் மரத்துப்போயிருந்ததோ? அப்படியென்றால் அவர் மடியில் இருந்தது யாருடைய பலாக்காய்?