தகர ரோபோவும் ஒரு கமர்கட்டும்

ரோபோவுக்கு முதன்முதலில் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். சந்தேகம் இருப்பவர்கள் கும்பகோணத்தில் டவுன் பஸ் பிடித்து எங்கள் ஊரில் இறங்கி, கொஞ்சம் வயசான பெண்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்த வாய்தான். இன்றைக்கும் அதை வைத்துத்தான் பிழைப்பு. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கத்திக்கொண்டு போகிறதே ஒரு குரல், அது நான்தான்.

நான் சின்னப் பையனாக இருந்த காலம். துபாயில் இருந்த சித்தப்பா தன் கல்யாணத்துக்காக லீவில் வந்தபோது டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார். எனக்கென்று ஒரு பொம்மைப்பட கேசட். கல்யாண மாலை காய்வதற்குள் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது புது டெக்கும் புதுச் சித்தியும். இரண்டையும் எப்படிக் கையாள்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கேசட்டில் இருந்த படத்தில் யாருமே பேச மாட்டார்கள். துறைமுகத்தில் பெட்டி தூக்கும் ஒரு தகர ரோபோ. கவிழ்த்து வைத்த வாளி மாதிரித் தலை, நீண்டு சுருங்கும் கழுத்து. வாய் கிடையாது. கண்ணுக்கு மேலே மட்டும் கடை ஷட்டர் மாதிரி ஏறி இறங்கும் இரண்டு தகடு. அதற்கு ஒரு சிநேகிதி, குட்டி ரோபோ. ஒருநாள் அந்தக் குட்டியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி விடுகிறார்கள். அப்புறம் எந்தக் கப்பல் ஊதினாலும் இது கழுத்தை நீட்டும், தகடு மேலே ஏறும். வந்திருப்பது வேறு சரக்கு என்று தெரிந்ததும் தகடு இறங்கிவிடும். கழுத்து மட்டும் சட்டென்று இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அவ்வளவுதான் படம்.

பேச்சில்லாமல் ஒரு படமா? எடுத்தவர்கள் மறந்துவிட்டதாக நினைத்து, அந்தக் குறையை நானே தீர்த்துவைத்தேன். மத்தியானத்தில் நடவு முடிந்து கால் கழுவிக்கொண்டு பெண்கள் வருவார்கள். எதிரில் இருந்த பாய் வீட்டம்மாவும் வருவார். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரோபோவுக்குக் குரல் கொடுப்பேன். அது பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் நான் நெல் கொள்முதல் நிலையத்து ஆளாகிவிடுவேன். "ஈரம் ஜாஸ்தியா இருக்கு, காயவச்சு எடுத்துட்டு வாங்க." தெருவே சிரிக்கும். கடைசியில் அது கழுத்து தொங்கி நிற்குமே, அங்கேதான் என் பெரிய வசனம். "என்ன மொதலாளி, கும்பகோணம் பஸ் போயிடுச்சா? சரி, ஒரு டீ சொல்லுங்க." சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

பொங்கலுக்கு வருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் பாய் வீட்டில் மட்டும்தான் போன். அது அடித்தால் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். எங்களுக்கு என்றால் அந்த அம்மா வாசலில் நின்று குரல் கொடுப்பார். மார்கழியில் ஒருநாள் காலையில் அப்படிக் குரல் வந்து, சித்தி ஓடினாள். திரும்பி வந்தபோது ஓடவில்லை. கம்பெனியில் லீவு தரவில்லையாம். "அடுத்த பொங்கலுக்குத்தானாம்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொதிக்கிற உலையில் அரிசியைப் போடப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சித்தியே கேசட்டைப் போட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

"தம்பி, வாயத் தொற."

திறந்தேன். ஒரு கமர்கட்டு உள்ளே விழுந்தது. வெல்லப்பாகில் தேங்காய் போட்டு உருட்டிய மிட்டாய். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டிவிடும்.

"இது கரையிற வரைக்கும் பேசக் கூடாது, என்ன?"

ஒரு கலைஞனை இவ்வளவு மலிவாக யாரும் வாங்கியிருக்க முடியாது. படம் ஓடியது. ஈர நெல் காட்சி வந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் திருப்திதான். குட்டியைக் கப்பலேற்றினார்கள். கப்பல் ஊதியது, கழுத்து நீண்டது, தகடு ஏறியது, இறங்கியது. திரும்பிப் பார்த்தால் நடவுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மகன்களையும் சவுதிக்கு அனுப்பியிருந்த பாய் வீட்டம்மா, தலையில் போட்டிருந்த துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் இல்லாமல் படம் ஊத்திக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு வந்தோமே என்று வயிறெரிந்து அழுகிறார்கள்.

இதற்குமேல் பொறுக்க முடியாது. விரலை விட்டுக் கமர்கட்டை நெம்பி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்து தொங்கும் நேரம் பார்த்து முழங்கினேன். "என்ன மொதலாளி, கும்பகோணம் பஸ் போயிடுச்சா?"

சித்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அது ஒண்ணும் சொல்லலடா தம்பி. சும்மா நிக்குது. நிக்கட்டும், விடு."

சித்திக்கு ரசனை போதாது என்று முடிவு செய்து, கமர்கட்டை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிந்துகிற அரிசியைப் பொறுக்கித் தின்பதற்காக நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்வீட்டில் போன் அடித்தது. முறம் நின்றது. சித்தியின் கழுத்து நிமிர்ந்து வாசல் பக்கம் நீண்டது. புருவம் இரண்டும் மேலே ஏறின. போன் அடிப்பது நின்றது. யாரும் குரல் கொடுக்கவில்லை. புருவம் இறங்கியது. கழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது.

அத்தனை பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது. கொல்லைப்பக்கம் ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"சித்திக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சும்மா. போன் அடிச்சா நிமிருது, அப்புறம் எறங்க மாட்டேங்குது."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, சித்திக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கழுத்தை நீவிவிட ஆரம்பித்தாள். சித்தியும் வலியில்லை என்று சொல்லவில்லை. தலை குனிந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சித்தியின் சுளுக்கைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று அந்த வாரம் முழுக்கத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.